300 கேபி கணக்கு நோட்டு: யோக்டோவின் பிஆர் சர்வரோடு ஒன்றரை வருடம்

ஐந்துக்கு மூன்றரை. நிறையப் பேர் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இது கடையில் வாங்குகிற சாமான் இல்லை. காசும் கிடையாது. சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸுக்கு ரூட் ஃபைல்சிஸ்டம் கட்டித் தருகிற யோக்டோவோடு சும்மா வரும் ஒரு குட்டி புரோகிராம், பிஆர் சர்வர். ஒரு பேக்கேஜை நாம் மாற்றிக் கட்டும்போதெல்லாம் அதன் எண்ணை ஒன்று ஏற்றி, அதை ஒரு எஸ்க்யூலைட் கோப்பில் (ஒற்றைக் கோப்பு டேட்டாபேஸ்) எழுதி வைக்கும். அவ்வளவுதான் வேலை. எங்களிடம் அந்தக் கோப்பு இன்றைக்கு 300 கேபி கூட இல்லை. பக்கத்தில் எஸ்ஸ்டேட் கேஷ் (ஏற்கெனவே கட்டியதை மறுபடி பயன்படுத்தச் சேர்த்து வைக்கும் கிடங்கு) 180 ஜிபிக்குக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. இந்த இரண்டில் எதைப் பத்திரப்படுத்தணும் என்று 2023-இல் யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் தப்பான பதிலைச் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன். முதலாளிக்கு எழுதிய மெயிலில் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது.

நான் கரூர்க்காரி. பெங்களூருக்கு வந்து பதினாலு வருடம் ஆகிறது. வீடு ஸ்ரீராம்புரத்தில், வேலை பீன்யாவில். கிரீன் லைன் மெட்ரோ இருப்பதால் பிழைத்தேன். கம்ப்ரசர் அறைகளில் மாட்டுகிற கேட்வே பெட்டி ஒன்றைச் செய்கிறோம். ஆர்எஸ்-485 கம்பியில் மாட்பஸ் (தொழிற்சாலை மிஷின்களின் மொழி) பேசி, அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு, மிஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்றெல்லாம் கேட்டு வாங்கி மேலே அனுப்பும். உள்ளே யோக்டோ 4.0, அதாவது 2022 ஏப்ரலில் வந்த கர்க்ஸ்டோன். மொத்தம் ஆறு பேர் கம்பெனி. பில்ட் என் பொறுப்பு, துணைக்கு நாகர்கோவில் தம்பி ஒருவன்.

பிஆர் சர்வர் எதற்கு என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. பேக்கேஜின் பெயருக்குப் பின்னால் 2.1-ஆர்0.6 என்கிற மாதிரி ஒரு வால் இருக்கும். 2.1 என்பது மென்பொருளின் பதிப்பு, நாம் கொடுப்பது. ஆர்0 என்பது ரெசிபியில் (பேக்கேஜை எப்படிக் கட்டணும் என்கிற குறிப்புக் கோப்பில்) இருக்கும் ‘பிஆர்’. கடைசியில் இருக்கும் 6 பிஆர் சர்வர் கொடுப்பது. ரெசிபியில் ஒரு பேட்ச் சேர்த்தாலோ, ஒரு காம்பைலர் ஃபிளாக் மாற்றினாலோ, அந்தக் கட்டுமானத்தின் செக்சம், அதாவது அதன் கைரேகை மாதிரியான எண், மாறும். யோக்டோவின் கட்டும் கருவியான பிட்பேக் அந்த செக்சத்தைக் கொண்டுபோய் சர்வரிடம் காட்டும். கடைசியாகப் பார்த்த அதே செக்சமாக இருந்தால் பழைய எண்ணையே கொடுக்கும், வேறாக இருந்தால் இருப்பதில் பெரியதோடு ஒன்றைக் கூட்டிக் கொடுக்கும். வெளியூரில் சுவரில் தொங்கும் கருவிக்குள் இருக்கிற ஓபிகேஜி (பேக்கேஜ்களை இறக்கிப் போடும் புரோகிராம்), தன்னிடம் இருக்கும் எண்ணைவிட ஃபீடில் (பேக்கேஜ்களை நாங்கள் ஏற்றி வைக்கும் வெப் சர்வரில்) இருக்கும் எண் பெரியதா என்று மட்டும்தான் பார்க்கும். பெரியது என்றால் இறக்கும். இல்லாவிட்டால் கம்மென்று இருந்துவிடும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2023 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கரண்ட் மூன்று முறை போய் வந்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே ஊதிப் போயிருந்தது. மாற்றணும், மாற்றணும் என்று நான்தான் நாலு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். திங்கள் காலை வந்து பார்த்தால் பில்ட் மெஷினின் எஸ்எஸ்டி எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் பதற்றம் இல்லை. இணையத்தில் இருந்து இறக்கிய மூலநிரல் இருக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் எஸ்ஸ்டேட்டும் தினம் ராத்திரி என்ஏஎஸ்-க்கு (நெட்வொர்க் டிஸ்க் பெட்டிக்கு) போய்க்கொண்டிருந்தன. புது டிஸ்க் போட்டேன், இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தேன், பில்ட் ஓடவிட்டேன். வழக்கமாக ஐந்து மணி நேரம் ஆவது நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. மெயில் எழுதினேன். “எதுவும் போகவில்லை, முக்கியமானது எல்லாம் பேக்கப்பில் இருந்தது.” மதியம் பிரியாணி வேறு.

இரண்டு வாரம் கழித்து ஓசூர் சிப்காட்டில் இருந்து போன். அங்கே ஒரு ஆலையில் எங்கள் பெட்டி பதினொன்று ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் பெட்டியின் தேதி 1970-க்குப் போய்விடுகிறது, அன்றைய ரீடிங் எல்லாம் பாழ் என்று முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். அதைச் சரிசெய்து ஃபீடில் ஏற்றி, ஏற்றிவிட்டோம் என்று சொல்லியும் இருந்தேன். சூப்பர்வைசர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், அப்டேட் போட்டாச்சுன்னு சொன்னீங்க. இங்க இன்னும் அம்பத்தி மூணு வருஷம் பின்னாடிதான் ஓடிக்கிட்டிருக்கோம்.”

தம்பி உள்ளே புகுந்து பார்த்தான். கருவியில் எங்கள் பேக்கேஜ் 2.1-ஆர்0.6. ஃபீடில் அதே பேக்கேஜ் 2.1-ஆர்0.0. கையால் இன்ஸ்டால் சொன்னால், இதைவிடப் பழையதற்கு இறங்க மாட்டேன் என்று ஓபிகேஜி பதில் சொல்கிறது. அதன் பார்வையில் அது சரி. புது டிஸ்கில் பிஆர் சர்வரின் கோப்பு காலியாகத் தொடங்கியிருக்கிறது. முதல் முறை பார்க்கிற பேக்கேஜுக்கு அது கொடுக்கும் எண் பூஜ்யம்.

இதில் என்னைக் கடுப்பேற்றியது வேறு ஒன்று. என் பெருமைக்குரிய எஸ்ஸ்டேட் பேக்கப்தான் இந்தத் தப்பை மூடி மறைத்தது. எதுவும் மாறாத நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் எஸ்ஸ்டேட்டில் இருந்து அப்படியே இறங்கின. முன்பு கட்டியபோது வாங்கிய பழைய எண்ணோடே இறங்கின. ஃபீடைத் திறந்து பார்த்தால் ஆர்0.3, ஆர்0.7 என்று எல்லாம் நல்லபடியாகத் தெரிகிறது. புதிதாக மாற்றிய ஒன்றே ஒன்றுதான் சர்வரிடம் போய்ப் பூஜ்யம் வாங்கி வந்திருக்கிறது. எஸ்ஸ்டேட்டும் போய் எல்லாமே ஆர்0.0 ஆகியிருந்தால் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

எண் பின்னால் போனால் சத்தம் போடும் சோதனை ஒன்று யோக்டோவில் இருக்கிறது. ஆனால் அது, ஒவ்வொரு பில்டின் விவரத்தையும் குறித்து வைக்கும் பில்ட்ஹிஸ்டரியின் பழைய பதிவோடு ஒப்பிட்டுத்தான் சொல்லும். பில்ட்ஹிஸ்டரி எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். அதே டிஸ்கில்தான்.

பரிகாரம் ஒரு நாள் வேலை. எங்கள் சொந்த ரெசிபிகள் பதினாலிலும் பிஆர் என்பதை ஆர்1 என்று கையால் ஏற்றினோம், ஆர்1.0 எப்படியும் ஆர்0.6-ஐவிடப் பெரியது. மற்ற பேக்கேஜ்களுக்குப் பழைய ஃபீடின் பட்டியல் கோப்பு வெப் சர்வரில் தப்பிப் பிழைத்திருந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கடைசி எண்ணைப் பொறுக்கி, செக்சம் இடத்தில் ஒப்புக்கு ஏதோ ஒன்றை வைத்து, பிஆர் சர்வரின் இறக்குமதிக் கருவி படிக்கும் வடிவில் தம்பி ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தள்ளினான். ஓசூரில் தேதி 2023-க்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதிப்பு எண்ணை 2.2, 2.3 என்று நாங்களே ஒழுங்காக ஏற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சோம்பலுக்குத் துணையாகத்தான் பிஆர் சர்வரை வைத்திருந்தோம்.

இப்போது விமர்சனம்.

இந்த புரோகிராம் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அதன் கோப்பு குடியிருக்கும் இடம். தனியாக எதுவும் சொல்லாமல் லோக்கல்ஹோஸ்ட்:0 என்று ஒரு வரி போட்டால், பிட்பேக் தானே சர்வரைத் தொடங்கி, கோப்பைப் பில்ட் ஃபோல்டருக்குள் ‘கேஷ்’ என்கிற ஃபோல்டரில் வைக்கிறது. கேஷ்! அதே இடத்தில் ரெசிபிகளின் நிரலைப் படித்த மிச்சம், செக்சம் மிச்சம் என்று எப்போது வேண்டுமானாலும் அழிக்கக்கூடிய குப்பைகளும் இருக்கின்றன. பில்ட் கிறுக்குப் பிடித்தால் எல்லாரும் முதலில் அழிப்பது கேஷ் ஃபோல்டரைத்தான். டிஸ்க் சாகவே வேண்டாம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்து எரிச்சல் போதும். வீட்டுப் பத்திரத்தைப் பழைய பேப்பர் கட்டோடு வைத்த மாதிரி. ஒரு நட்சத்திரம் இதற்காகப் போகிறது.

அரை நட்சத்திரம் இன்னொன்றுக்கு. மூலநிரலைத் திறந்து பார்த்தேன், எஸ்க்யூலைட்டின் ‘சிங்க்ரனஸ்’ அமைப்பு ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது. எழுதியது டிஸ்கில் உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்று காத்திருக்க மாட்டேன் என்று அர்த்தம். இந்த அமைப்பைப் பொறுத்தவரை, புரோகிராம் மட்டும் விழுந்தால் ஆபத்தில்லை. கரண்ட் போனால் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு என்று எஸ்க்யூலைட் கையேடே சொல்கிறது. வேகத்துக்காகச் செய்திருப்பார்கள், புரிகிறது. ஆனால் பீன்யாவில் உட்கார்ந்து படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

நல்லதும் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தனி மெஷினில் ஓடவிடலாம். வழக்கமான போர்ட் 8585. நினைவகம் என்று சொல்லும்படி எதுவும் தின்னாது. ஒன்றரை வருடத்தில் அது தானாக ஒரு தடவைகூட விழவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் ஏற்றுமதி. மொத்தக் கணக்கையும் சாதாரண எழுத்துக் கோப்பாகத் துப்பிவிடும். அதை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவி) போட்டு வைத்தால் எந்தப் பேக்கேஜ் என்றைக்கு எந்த எண்ணுக்குப் போனது என்று வரி வரியாகத் தெரியும். திரும்ப உள்ளே ஏற்றும்போது, ஏற்கெனவே இருக்கும் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால் அதைத் தொடாது. போன மாதத்து ஏற்றுமதியை அவசரத்தில் தவறி ஏற்றினாலும் எண் கீழே இறங்காது. இதை யோசித்து எழுதியவருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கித் தரணும்.

கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. அதனால் ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வெளியே காட்டாதீர்கள். இன்னொன்று, ஃபீட் கட்டும் மெஷின் மட்டும்தான் இந்தப் பொது சர்வரிடம் பேசணும். அவரவர் லேப்டாப்பில் அவரவர் லோக்கல் சர்வரோடு கட்டிய பேக்கேஜை யாராவது ஃபீடில் சொருகினால் எண்கள் இரண்டு கணக்கில் ஓடும். தம்பி ஒரு தடவை சொருகினான். விவரம் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான்.

இதே கோஷ்டியில் இன்னும் இரண்டு பேர் உண்டு. எந்தெந்தக் கட்டுமானங்கள் ஒரே விளைவு தந்தன என்று குறித்து வைக்கும் ஹாஷ் சர்வரின் கோப்பும் அதே கேஷ் ஃபோல்டரில்தான் இருக்கும். அது எஸ்ஸ்டேட்டின் ஜோடி. எஸ்ஸ்டேட்டை மட்டும் காப்பாற்றி இதை விட்டுவிட்டால், ஹாஷ் பொருந்தாமல் பல பேக்கேஜ்கள் மறுபடி முதலில் இருந்து கட்டப்படும். நஷ்டம் ஒரு ராத்திரி, அவ்வளவுதான். வெளியூரில் யாருக்கும் தெரியாது.

அடுத்தது சூடோ (pseudo, sudo இல்லை). விண்ட் ரிவரில் இருந்தபோது பீட்டர் சீபாக் எழுதியது. ரூட் அதிகாரம் இல்லாமலே ரூட் ஃபைல்சிஸ்டம் கட்ட வழி செய்கிறது. இந்தக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தம், இது டிவைஸ் நோட், இதன் அனுமதி இன்னது என்று புரோகிராம்கள் கேட்பதையெல்லாம் நடுவில் புகுந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உண்மையில் செய்யாமல் தன் எஸ்க்யூலைட் கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். டிஸ்கில் போய்ப் பார்த்தால் எல்லாம் என் பெயரில்தான் இருக்கும். கடைசியில் இமேஜாகச் சுருட்டும்போது அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரியான சொந்தக்காரர் பெயர் போடப்படும்.

அந்தக் குறிப்பையும் பத்திரப்படுத்தலாமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. புது டிஸ்குக்கு மாறிய சில வாரங்களில் இடம் போதாமல், பில்ட் வேலை நடக்கும் டிஎம்பி ஃபோல்டர் முழுக்க ஆர்சிங்க் என்கிற நகல் கருவியைப் போட்டு இன்னொரு டிஸ்குக்கு நகர்த்தினோம். டிஎம்பி இடம் மாறினால் பிட்பேக் அடம் பிடிக்கும் என்று தெரிந்து, தம்பி புது டிஸ்கை அதே பாதையில் மவுண்ட் செய்தான். கெட்டிக்காரத்தனம். பிட்பேக் ஏமாந்தது, சூடோ ஏமாறவில்லை. அது கோப்பைப் பெயரால் மட்டும் அல்ல, ஐநோடு எண்ணாலும் (டிஸ்க் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் உள் எண்) அடையாளம் வைத்திருக்கிறது. நகல் எடுத்தால் ஐநோடு மாறும். குறிப்பில் ஒரு கோப்புக்கு எழுதிய எண்ணில் இப்போது வேறு கோப்பு உட்கார்ந்திருக்கிறது. பாதை பொருந்தவில்லை என்று எழுதிவிட்டு நின்றது. அப்படி நிற்பதுதான் நல்லது. பழைய சூடோவில் இந்த நிறுத்தம் கிடையாது, 2020-இல் வந்த யோக்டோ 3.2-இல்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் தப்பான சொந்தக்காரர் பெயரோடு இமேஜ் அமைதியாக வெளியே போக வழி இருந்தது.

அதனால் டிஎம்பியை நான் இப்போது பேக்கப் எடுப்பதே இல்லை. பாதியில் கரண்ட் போனால் அந்த இமேஜைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டச் சொல்கிறேன். போதாததற்கு, யோக்டோவில் வரும் சூடோ வேகத்துக்காக, டிஸ்கில் எழுதி முடி என்று சொல்லும் எஃப்சிங்க் அழைப்புகளையும் விழுங்கிவிடும். பாதியில் நின்றதை நம்பவே கூடாது. டிஎம்பியை என்எஃப்எஸ்-இல் (நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்கில்) வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிட்பேக்கே விடாது, தொடக்கச் சோதனையிலேயே நிறுத்திவிடும். டவுன்லோட்ஸும் எஸ்ஸ்டேட்டும் என்எஃப்எஸ்-இல் இருக்கலாம், எங்களுக்கு இருக்கிறது.

பிஆர் சர்வருக்கென்று தனிப் பெட்டி வாங்க எஸ்பி ரோடு போனோம். சிக்பேட்டே ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர்தான். பழைய மினி பிசி ஒன்று 11,500 ரூபாய், பில்லோடு. எஸ்எஸ்டி இரண்டு கேட்டேன். கடைப் பையன் வேலூர்ப் பக்கம் போல, நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தமிழிலேயே சொன்னான்: “அக்கா, டேட்டா முக்கியம்னா ஒரே கம்பெனில ரெண்டு எடுக்காதீங்க. ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாப் போகும்.” வேறு வேறு கம்பெனியில் ஒவ்வொன்று எடுத்து, இரண்டையும் கண்ணாடி நகலாகப் போட்டோம். 300 கேபிக்கு இரண்டு டெரா டிஸ்க் எதற்கு என்று முதலாளி கேட்டார். ஓசூர் போன் வந்த அன்று அவரும் ஆபீஸில்தான் இருந்தார், அதனால் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. பெட்டியில் ஹாஷ் சர்வரும் ஓடுகிறது, டவுன்லோட்ஸின் இரண்டாவது நகலும் இருக்கிறது. இணையத்தில் யாரோ ஒருவர் பழைய மூலநிரல் கட்டை நீக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காத சரக்கு அது.

பேக்கப் எடுக்கும் விதத்தில் ஒரு விஷயம். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் கோப்பை வெறும் நகல் கட்டளையால் எடுக்காதீர்கள், பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். எஸ்க்யூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளையைக் கொண்டு மணிக்கு ஒரு தடவை எடுத்து, எடுத்ததை முழுமைச் சோதனைக்கு அனுப்புகிறோம். ஹாஷ் சர்வர் பக்கத்தில் ‘-wal’ என்று பெயர் முடியும் துணைக் கோப்பு வேறு இருக்கும். முக்கியக் கோப்பை மட்டும் தூக்கினால் கடைசியாக எழுதியவை அதில் தங்கிவிடும். பிஆர் சர்வரின் எழுத்து ஏற்றுமதி தினம் ராத்திரி கிட்டுக்குப் போகிறது. பில்ட்ஹிஸ்டரியும் இப்போது ஒவ்வொரு பில்ட் முடிந்ததும் வேறு மெஷினுக்குத் தள்ளப்படுகிறது. எஸ்ஸ்டேட்டை வாரம் ஒரு தடவைதான் நகல் எடுக்கிறேன், அதுவும் இடம் இருந்தால்.

இந்த ஏற்பாட்டைப் போன மார்ச்சில் சோதித்தும் பார்த்தோம். தம்பி லீவில் இருந்த நாளாகப் பார்த்து, பெட்டியை நிறுத்தி, கோப்பை ஒளித்து வைத்து, கிட்டில் இருந்த ஏற்றுமதியை வைத்து மட்டும் புதிதாக எழுப்பினேன். பதினெட்டு நிமிஷம். அப்புறம் ஒரு ரெசிபியில் ஒரு வரி மாற்றிக் கட்டினேன். ஆர்1.9-க்கு அடுத்து ஆர்1.10 வந்தது. ஒரு நொடி எண் சின்னதாகிவிட்டதோ என்று திக்கென்றது. ஓபிகேஜி புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகத்தான் ஒப்பிடும், 10 பெரியதுதான் என்று ஞாபகம் வந்த பிறகு மூச்சு வந்தது.

பெட்டி இப்போது என் மேஜைக்குக் கீழே இல்லை, அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அணைக்காதே என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். யுபிஎஸ் பேட்டரியும் புதிது. கூட்ட வரும் அம்மா, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். கணக்கு நோட்டு என்றேன். இவ்வளவு சூடாகவா என்று கேட்டுவிட்டு மேலே மட்டும் துடைத்துவிட்டுப் போனார்.